நத்தைப் படம் ஒட்டிய பிரஷ் குறித்து

அனுப்புநர்:
ஷீனா மெக்கில்வ்ரே,
உதவியாளர், துறைமுகத் தெரு பாலர் பள்ளி,
கிரெய்க்பர்ன், ஸ்காட்லாந்து.

பெறுநர்:
குழந்தைகள் நல அலுவலர் அவர்கள்,
நகர மன்றம், கிரெய்க்பர்ன்.

பொருள்: பள்ளிக்கு எதிரிலுள்ள குடியிருப்பை இடிக்குமுன் உள்ளே பார்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளியில் காலை உணவுக்குப் பின் குழந்தைகள் சேர்ந்து பல் துலக்குவார்கள். ஒவ்வொரு பிரஷுக்கும் ஒரு படம். நத்தை, நான்கு வயது ரோனாவுடையது.

2. அவள் தாய் லோர்னா மீன் ஆலையில் இரவு வேலை பார்ப்பவர். பகலில் தாம் தூங்க, குழந்தை அழாதிருக்க, பாட்டிலில் பழச்சாறு கொடுப்பார். முன்பற்கள் கறுத்துவிட்டன. "நீ தூங்குறதுக்குப் பிள்ளை பல்லையே காவு கொடுத்துட்டியேம்மா" என்று எல்லோர் எதிரிலும் கேட்டவள் நான்தான். மறுநாளிலிருந்து குழந்தை வரவில்லை.

3. பல் மருத்துவப் பிரிவு மூன்று கடிதங்கள் அனுப்பியது. பதில் இல்லாததால் விதிப்படி பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயர் அடிக்கப்பட்டது. கடிதங்கள் போன முகவரி எதிர்க் குடியிருப்பு. செப்டம்பரில் தங்கள் மன்றமே காலி செய்து, தண்ணீரையும் நிறுத்திய கட்டடம். ஆளில்லை என்று எழுதிய வீட்டுக்கே கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க நம் அலுவலகங்களால்தான் முடியும்.

4. பெயர் அடித்த குழந்தையின் பிரஷை எறிந்துவிட வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. அக்டோபரிலிருந்து, வார விடுமுறை கழிந்து திங்கள் காலை நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது மட்டும் ஈரமாக இருக்கிறது. பூட்டு பூட்டியபடி, சன்னல்கள் சாத்தியபடி. கை கழுவும் தொட்டியில் நுரை, சில நாள் இரத்தம். சமையற்காரர் டூகல், "பேய் பல்லு விளக்குதா ஷீனா? நம்ம பசங்களைவிட ஒழுங்கா இருக்கே!" என்று சிரித்தார்.

5. போன திங்களன்று அவரும் சிரிக்கவில்லை. நத்தையின் கீழே, காகிதத்தில் சுற்றிய பல் ஒன்று இருந்தது. மற்றக் குழந்தைகள் விழுந்த பல்லைத் தலையணைக்கடியில் வைப்பார்கள். பல் தேவதை எடுத்துக்கொண்டு காசு வைப்பாள். ஆளில்லாத வீட்டுக்குத் தேவதையும் வரமாட்டாள் என்று இவளுக்கு யார் சொன்னார்களோ. நான் ஒரு நாணயம் வைத்தேன். இன்று அது இல்லை. நாலு வயதில் பல் தானாக விழாது, ஐயா. வேர்வரை சொத்தை.

6. அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு சன்னல் கண்ணாடியில் மட்டும் உட்புறம் ஆவி படிந்திருக்கிறது. இன்று போய், பலகை அடித்த கதவைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ஓசை நின்றுவிட்டது.

வியாழனன்று கட்டடத்தை இடிக்கிறார்கள். என் குரலுக்குத் தாயும் மகளும் திறக்கமாட்டார்கள். அது நான் தேடிக்கொண்டது, வெட்கமாக இருக்கிறது. குழந்தையின் பல்லைப் பற்றி எதுவும் கேட்காத ஒருவரை, நாளையே அனுப்பிவைக்கக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கிரெய்க்பர்ன்
நாள்: நவம்பர் 13, திங்கள்

தங்கள் உண்மையுள்ள,
ஷீனா மெக்கில்வ்ரே

இணைப்பு: பல் ஒன்று.