பலகைக்குத் தோண்டிய குழி

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் காட்டைக் காக்கிறோம் என்று ஒரு விழா. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தொட்டிச்செடி கொடுத்தார்கள், ரிப்பன் கட்டி. வீட்டுக்கு வந்து ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். அதே நெடி. உண்ணிச்செடியேதான்! காட்டைத் தின்று தீர்த்த சனியனையே பரிசாகக் கொடுக்கிற இந்த அறிவாளிகளை என்னவென்று திட்டுவது? நீ இருந்திருந்தால் உன் வாய்க்கு நல்ல தீனி. எனக்கு உன் அளவுக்கு வாய் கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் ஒரே மில்லில், ஒரே ஷிப்டில் நீயும் நானும் நூலைக் கோனில் சுற்றினோம். ஞாயிறுதோறும் ஒரு சங்கத்தார் வேன் வைத்து, செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்துக்கு உண்ணிச்செடி வெட்ட ஆள் கூட்டிப்போவார்கள். சேவையாம். தலைவர் மடிப்புக் கலையாத வெள்ளைச்சட்டையில் அரிவாளைத் தூக்கிப்பிடித்து நிற்பார். போட்டோ எடுத்ததும் நிழலுக்குப் போய்விடுவார். மற்றவர்கள் மேலாக நாலு கிளையை நறுக்கிப் போட்டுவிட்டு எலுமிச்சை சாதத்துக்கு வரிசை கட்டுவார்கள். அடுத்த மழைக்கு அது ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்து நிற்கும்.

"மயிரச் செரச்சா தல போயிருமாட்டி? வேரப் பேக்கணும்" என்பாய். கடப்பாரை போட்டு வேரோடு பெயர்த்து, மறுபடி மண்ணைப் பிடிக்காதபடி தலைகீழாகக் கவிழ்த்துவைப்பாய். என்னையும் அப்படியே செய்யவைத்தாய். உள்ளங்கை முழுக்க முள். உன்னை மனதுக்குள் எத்தனையோ முறை வைதிருக்கிறேன்.

இரண்டே பேர் சேர்ந்து ஒரு சரிவைச் சுத்தமாக்கினோம். ஐப்பசி மழையில் அங்கே செங்காந்தள் எழுந்து வந்தது, சரிவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக. யாரையும் எதையும் மெச்சாத நீ, "ஏட்டி, இம்புட்டும் உள்ளதான் கெடந்திருக்கு பாரேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். கண் கலங்கியிருந்தது. ஒரு பூவைக்கூடப் பறிக்கவிடவில்லை.

செய்தி தலைவர் காதுக்குப் போனது. அடுத்த கோடையில், கொடியெல்லாம் காய்ந்து மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருந்த நேரத்தில், அந்தச் சரிவிலேயே பெயர்ப்பலகை நடுவது என்று முடிவு செய்தார்கள். விருந்தாளிகள் நிற்க, இடத்தை வெட்டிச் சமப்படுத்தி சிமெண்ட் தளம் வேறு. உழைத்தவர்கள் பெயரெல்லாம் பலகையில் வருமாம். நீ பெயர் கொடுக்க மறுத்தாய். நான் கொடுத்தேன், இனிஷியலோடு.

குழி வெட்ட வந்த அன்று குறுக்கே போய் நின்றாய்.

"உள்ள கெழங்கு கெடக்குய்யா. பத்தடி தள்ளி வையிங்க."

"வெறும் மண்ணுல என்னம்மா இருக்கு?" என்று சிரித்த தலைவர், என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூடத்தானே வேல பாத்தீங்க, நீங்க சொல்லுங்க."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரைப் பகைத்துக்கொண்டால் பலகையில் என் பெயர் இருக்காதே என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. த்தூ, அதுவும் ஒரு நினைப்பு!

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

நீ என்னைத் திட்டவில்லை. "வேருக்கு ஒரு சாண் தோண்ட ஒடம்பு வணங்கல. பேருக்கு மூணடி தோண்டுறானுக" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடப்பாரையை என் காலடியில் போட்டுவிட்டுத் தனியாக இறங்கி நடந்தாய். அதன்பிறகு பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றும் என்னோடு ஒரு பேச்சில்லை.

நீ படுத்த படுக்கையானபோது மனது கேட்காமல் வந்தேன்.  என்னைப் பார்த்ததும் கேட்டாய்.

"காந்தள் வந்துச்சாட்டி?"

"வந்திருக்கு. பலகையச் சுத்தி அம்புட்டும் பூத்துக் கெடக்கு."

"பொய் சொல்லாதட்டி. நான் போயிப் பாத்துட்டு வந்துதான் படுத்தேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அந்தச் சங்கத்தாரை இன்றும் நான் மனிதர்களாக மதிப்பதில்லை. எங்கே பார்த்தாலும் ஏளனமாகத்தான் பேசுகிறேன். கேட்பவர்கள் உன் வாய் எனக்கு வந்துவிட்டது என்கிறார்கள். வாய் வந்து என்ன? மண்ணுக்குள் என்ன கிடந்தது என்று அன்று சங்கத்தாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.