என் பெயரில் வந்த வாழ்த்து

அபிராமபுரம்,
சென்னை.
ஜூலை 20

அன்புள்ள ஸ்வர்ணா,

புனேயில் நீயும் லாவண்யாவும் நலமாக இருக்க வேண்டும். உறையின் மேல் என் பெயரைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால் அதற்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. வாட்ச்மேன் மெஹபூப் அலி நாற்காலியைக்கூட நகர்த்தாமல், "அம்மா பொண்ணு வூட்டுக்குப் போய்க்கிறாங்க. எப்ப வருவாங்கன்னு சொல்லல. நீங்க இன்னா, கடை ஆளா?" என்று கேட்டார். கல்லூரித் தோழி என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அய்யா போனப்ப உங்களைப் பாக்கலியே" என்றார். உனக்கு வரும் தபால்களைத் திருப்பி அனுப்ப நீ கொடுத்துவிட்டுப் போன முகவரியைக் கெஞ்சித்தான் வாங்கினேன். அவரைத் திட்டாதே.

முதலில் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன். போகவில்லை. "இனி எனக்கு எழுதாதே" என்று நீ கடைசியாக அனுப்பிய ஒற்றை வரியைப் பார்த்ததும் எங்கள் மென்பொருள் உன் முகவரியைத் தடை செய்துவிட்டது. நீ சொன்னதை அது சரியாகப் புரிந்துகொண்டது அந்த ஒரு முறைதான். என் சொந்த முகவரியிலிருந்து அனுப்பியிருக்கலாம். ஆனால் திரையில் வரும் எழுத்தை என்னுடையது என்று நீ இனிமேல் ஏன் நம்ப வேண்டும்? அதனால்தான் பேனா. என் கோணல் கையெழுத்து உனக்கு மறந்திருக்காது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாசி மாதத்திலிருந்து என் பெயரில் உனக்கு வந்த கடிதங்களில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. நீ எழுதிய பதில்களில் ஒன்றைக்கூட, அவை வந்த காலத்தில், நான் படிக்கவில்லை.

நான் வேலை பார்க்கும் இடத்தில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்கிறோம் என்பது இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் தி. நகர், மயிலாப்பூர் கடைக்காரர்களுக்கு நானே தமிழில் மின்னஞ்சல் கடிதம் எழுதுவேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுதான் முடியும். கடையை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள், பையன் படிப்பு முடிந்ததா என்று விசாரித்துக்கொண்டு எழுதுவேன். முன்பின் தெரியாதவர்கள்கூடப் பதில் போடுவார்கள். எங்கள் முதலாளி சாய்சரண் போன வருடம் அந்த வேலையை ஒரு மென்பொருளிடம் கொடுத்தார். நான் எட்டு வருடமாக எழுதியதையெல்லாம் அதற்குப் படிக்கக் கொடுத்தார்கள். இப்போது அது தினமும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு எழுதுகிறது. பதில் வராவிட்டால் நாலு நாள் கழித்து, என் கடிதம் கிடைத்ததா என்று மறுபடி கேட்கிறது. பதில் வந்தால் அதற்கும் பதில் எழுதி, நாள் குறித்து, விற்பனையாளரை அனுப்பி வைக்கிறது. அடியில் போடும் பெயர் மட்டும் என்னுடையது. "மேடம், உங்க பேர்ல போனாத்தான் தொறந்து பாக்கறாங்க. என் பேர் போட்டா நேரா குப்பைக்குப் போகுது" என்றார் சாய்சரண். நான் மறுக்கவில்லை. என் தமிழுக்கு இப்படியொரு மதிப்பா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உன் கணவர் சுயம்புலிங்கம் தை மாதம் போனார். அதை நம் வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன். கை கூப்பிய படம் ஒன்றைப் போட்டேன். நேரில் வர வேண்டும் என்று நினைத்தேன். காரியம் முடியட்டும் என்று தள்ளினேன். அப்புறம், இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று தள்ளினேன். உன் வீடு என் தெருவிலிருந்து நடக்கிற தூரம்.

நான் இப்படி நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது வணிகர் சங்கத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் பாத்திரக்கடையின் நிர்வாகப் பங்குதாரர் என்ற இடத்தில் சுயம்புலிங்கம் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பெயர் மாறினால் வாழ்த்துச் சொல்லிப் பேச்சைத் தொடங்கு என்று அந்த மென்பொருளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஏன் மாறியது என்று பார்க்கச் சொல்லவில்லை. அது உனக்கு எழுதிவிட்டது: "புதிய பொறுப்பை ஏற்றிருக்கும் உங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். இனி இது உங்கள் காலம்."

நம் வீடுகளில் யாராவது இப்படிச் செய்வார்களா? கணவனை இழந்து மாதம் ஒன்று ஆகாத பெண்ணுக்கு வாழ்த்து! நீ காறித் துப்பியிருக்க வேண்டும். நீயோ நெகிழ்ந்து போயிருக்கிறாய். உன் பதிலைப் போன மாதம்தான் அலுவலகக் கணினியில் தேடிப் படித்தேன். "எதிர்ல வர்றவங்க எல்லாம் ஒதுங்கிப் போறாங்க பாரதி. சொந்தத்துல வளைகாப்பு நடந்துச்சு, எனக்குச் சொல்லவே இல்ல. கடைக்குப் போனா கல்லாவுல உக்காராதீங்க அண்ணி, காலங்காத்தால வியாபாரம் ஆகணும்ங்கிறான் கொழுந்தன் ராகேஷ். நீ ஒருத்திதான்டி என்னை உசிரோட இருக்கிற மனுஷியா நெனச்சு வாழ்த்துச் சொல்லியிருக்கே. ஆனா என்னடி அது, உங்களுக்கு கிங்களுக்குன்னு?"

அடுத்த கடிதத்தில் அது உன்னை 'நீ' என்று அழைத்தது. திரையின் ஓரத்தில் உன் பெயருக்கு எதிரே பச்சை நிறத்தில் 'ஆர்வம் உள்ளவர்' என்று குறித்திருந்தது.

மூன்றாம் கடிதத்தில் ஒரு வரி வரும். "சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாத வீட்டில் பசி தெரியாது, மணி பார்த்துச் சாப்பிடு." அதைப் படித்து அழுததாக எழுதியிருந்தாய். ஸ்வர்ணா, அந்த வரி மட்டும் என்னுடையதுதான். ஆனால் உனக்கு எழுதியதில்லை. மனைவியை இழந்த ஒரு துணிக்கடைக்காரருக்கு ஐந்து வருடம் முன்னால் நான் எழுதியது. எழுதியபோது மனதார எழுதியதாகத்தான் நினைவு. பிறகு அவர் எங்களிடம் மென்பொருள் வாங்கினார். அப்போது அதை நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த இயந்திரத்தைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றுகிறது. பரிவும் விற்பனையும் எங்கே பிரிகின்றன என்பதை என் கடிதங்களிலிருந்து அது கற்றுக்கொள்ளவில்லை. நான் பிரித்து வைத்திருந்தால் அல்லவா?

அப்புறம் நீ என்னை அழைத்தாய். வெங்கட்நாராயணா ரோட்டில் ராகேஷின் ஆடிட்டர் அலுவலகத்தில் குடும்பத்தார் கூடுகிறார்கள், நிர்வாகத்தை அவனுக்கு விட்டுக்கொடுக்கும்படி கையெழுத்துக் கேட்பார்கள் என்று எழுதினாய். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். என் பக்கத்துல வந்து உக்காரு, போதும். தனியா இருந்தா போட்டுக் குடுத்துடுவேன்." எத்தனை தெளிவாக எழுதியிருந்தாய். இருபது வருடம் பேசாமல் இருந்தவளிடம் இதைக் கேட்பதற்கு உனக்கு எவ்வளவு மனது வேண்டியிருந்திருக்கும்.

"நிச்சயமாக வருகிறேன். அந்த நேரம் எனக்கு வசதியானதே" என்று அது பதில் அனுப்பியது. அனுப்பிவிட்டு எங்கள் விற்பனையாளர் கிரீஷின் நாட்குறிப்பில் அந்த நேரத்தை, நீ எழுதிய முகவரியோடு, உன் கடைக்கென்று ஒதுக்கியது.

அங்கே என்ன நடந்தது என்பதை நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் டீ குடிக்கும்போது கிரீஷ் சொன்னான். வேடிக்கைக் கதையாகச் சொன்னான். "டெமோன்னு லேப்டாப்பைத் தூக்கிக்கினு போறேன், அங்க ஒரு குடும்பமே உக்காந்து சொத்துப் பேசிக்கினு கீது. ஒரு அம்மா கதவையே பாத்துக்கினு இருந்தாங்க. பாரதி வரலையான்னாங்க. அவங்க ஆபீஸ்ல இருப்பாங்க, நான்தான் அவங்க அனுப்புன ஆளுன்னேன். பக்கத்துல இருந்தவரு சிரிக்க ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்ல. அண்ணி, நீங்க வருவாங்க வருவாங்கன்னு சொன்ன பெரிய மனுஷி இவர்தானான்னாரு." எல்லோரும் சிரித்தார்கள். அவன் கடையின் பெயரைச் சொல்லும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். அதற்கப்புறம்தான் எனக்கு அந்த ஒற்றை வரி.

சாய்சரணிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. "உங்க ஃப்ரெண்டுன்னு சிஸ்டத்துக்கு எப்படி மேடம் தெரியும்? முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு குறி போட்டு விலக்கி வச்சிருக்கலாமே" என்றார். நியாயமான கேள்வி. உன்னைத் தோழி என்று நான் யாரிடமும் சொல்லி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதைவிட நானே சொல்வது மேல். ராகேஷ் எங்கள் மென்பொருளை வாங்கிவிட்டான். அன்று கிரீஷ் விட்டுவிட்டு வந்த அட்டையைப் பார்த்து அவனே கூப்பிட்டானாம். உங்கள் கடையின் மூன்று கிளைகளுக்கும் சேர்த்து ஆர்டர். அலுவலகத்தில் மைசூர்பாகு கொடுத்தார்கள். என் பெயரில் வந்த வியாபாரம் என்று என் மேஜைக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எடுத்துச் சாப்பிட்டேன்.

என் பெயரை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்தேன். உடனே எடுத்துவிட்டார்கள். இப்போது காமாக்ஷி என்ற பெயரில் கடிதங்கள் போகின்றன. அப்படி யாரும் எங்கள் அலுவலகத்தில் இல்லை. வேலையை விட்டுவிட்டேன் என்று இங்கே எழுத முடிந்தால் எனக்கும் நன்றாக இருக்கும். விடவில்லை. இவருக்கு ஏப்ரலிலிருந்து வேலை இல்லை. பையன் இரண்டாம் வருடம் படிக்கிறான். காலையில் கிளம்பும்போது ஒவ்வொரு நாளும் இதை எனக்கே சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

ஒரு வக்கீலம்மாவிடம் உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். கையெழுத்தை இல்லை என்று ஆக்குவது சுலபமில்லை, ஆனால் பத்திரத்தைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். அவர் எண்ணைக் கடைசிப் பக்கத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். என்னை மறந்துவிட்டு அவரிடம் பேசு. அங்கேயும் நான் கூட வர வேண்டும் என்று இருந்தால் வருவேன். இதை எழுதும்போதே எவ்வளவு மலிவான வார்த்தை என்று தெரிகிறது. என் பெயரால் ஏற்கெனவே ஒருமுறை உனக்கு இதே வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

லாவண்யாவுக்கு என் ஆசிகள். அம்மாவை ஏமாற்றிய அந்தத் தோழி யார் என்று அவள் கேட்டால், எல்லாம் கம்ப்யூட்டர் செய்த தப்பு என்று என்னைக் காப்பாற்றிப் பேசாதே. உனக்கு எழுதியது வேண்டுமானால் நானில்லை. வராதது நான்தான்.

நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, நன்றாக இருக்க வேண்டும். திட்டியாவது நாலு வரி எழுது, ஸ்வர்ணா. இந்த முறை நான்தான் படிப்பேன்.

உன்,
ஜெயபாரதி