நாலு தந்திக்காரி

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் துவைத்த துணி சாயங்காலம் வரை காயவில்லை. ஒரே மூட்டம். மகன் வேலை முடிந்து வரும்போது முதுகில் நீளமாக ஒரு கறுப்புப் பை. லிஃப்ட் பழுது பார்க்கிறவன், ஏதோ இரும்புச் சாமான் என்று நினைத்தேன். பேத்தி பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். உள்ளே பேஸ் கிட்டார். இசைக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அங்கே இருக்கிறதைத்தான் கெஞ்சி வாங்கி வாசித்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்கே அவளுக்கு. யாரோ வாசித்துக் கழித்ததுதான், ஆனாலும் பளபளவென்று இருக்கிறது.

எண்ணிப் பார்த்தேன். “ஏண்டா, நாலு தந்திதானே இருக்கு? கடைக்காரன் ரெண்டை உருவிக்கிட்டுக் குடுத்துட்டானா?”

“பாட்டி, மானத்தை வாங்காதே. பேஸ்னா நாலுதான். ஒவ்வொண்ணும் எவ்வளவு தடிமன் பாரு!”

பார்த்தேன். கடைசித் தந்தி கொடிக்கயிறு கணக்காக இருக்கிறது. துணி காயப் போடலாம். சொல்லவில்லை, கடித்து வைத்துவிடுவாள். சும்மாவா வாலு என்று பெயர் வைத்தோம்.

பிப்ரவரி 7, வெள்ளி

விரல் நுனியெல்லாம் கொப்புளம். மருந்து தடவ விடமாட்டேன் என்கிறாள். “காய்ச்சுப் போகணும் பாட்டி, அப்பத்தான் தந்தி கேக்கும்.” பாத்திரம் தேய்த்தால் கை காய்ச்சுப் போய்விடும் என்று எத்தனை நாள் நழுவியிருக்கிறாள் இவள்!

பிப்ரவரி 11, செவ்வாய்

கீழ்வீட்டுத் தையல்காரம்மா மேலே ஏறி வந்துவிட்டாள், கையில் அளவு நாடாவோடு.

“பெரியம்மா, உங்க பேத்தி என்னத்தை வாசிக்குது? பாட்டுன்னு ஒண்ணும் கேக்கலை. என் மிஷின் மட்டும் தானா நடுங்குது. ஒரு காலர் கோணிப் போச்சு.”

“அது பேஸ் கிட்டாரும்மா. பெரிய படிப்பு.”

“பெரிய படிப்புதான். என் தலைக்குள்ள கிர்ருங்குதே.”

நியாயம்தான். இனிமேல் பகலில் கிட்டாருக்கென்று இருக்கிற சத்தப் பெட்டியில் ஒயரைச் சொருகக் கூடாது என்று முடிவாயிற்று. வாலு சளைக்கவில்லை. என் அறை மர அலமாரியில் கிட்டாரின் தலையை முட்டுக்கொடுத்து வாசித்தாள். அலமாரியே பெட்டி மாதிரி முனகுகிறது! கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் விலா எலும்பு வரைக்கும் வருகிறது. கல்லூரியில் எல்லாரும் இப்படித்தான் செய்வார்களாம். என் துணிமணிக்கும் சங்கீத ஞானம் வந்துவிடும் போலிருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று எனக்காகவே ஒன்று வாசித்தாள். ரெண்டு விரலும் நண்டு ஓடுகிற மாதிரி ஓடுகிறது. கண்ணால் தொடர முடியவில்லை. நான் கை தட்டினேன் பாருங்கள், உள்ளங்கை சிவந்துவிட்டது. தட்டத் தட்ட இன்னும் வேகமாக வாசிக்கிறாள். மருமகள் எட்டிப் பார்த்து, “என்ன அத்தை, ரயிலா விடுறீங்க ரெண்டு பேரும்?” என்றாள்.

தையல்காரம்மாவிடம், காய்கறிக் கடையில், மருந்துக் கடையில், எல்லா இடத்திலும் சொல்லியாயிற்று. அவ்வளவு வேகம் வேறு யாருக்கும் வராது என்று.

மார்ச் 3, திங்கள்

அழுதுகொண்டு வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

விஷயம் இதுதான். முதல் வருடம் முடிவதற்குள் ஏதாவது ஒரு வாத்தியக் குழு இவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாரும் சேர்க்காவிட்டால் அந்த வருடத்தையே மறுபடி படிக்க வேண்டும். பேஸ் ஆள் இல்லாமல் இருப்பது ஒரே ஒரு குழு. டிரம் வாசிக்கிற பையன்தான் அதற்குத் தலைவன். அவன் சொன்னானாம், “நீ முன்னால ஓடிடறே. உன்னைப் பிடிக்க நான் பஸ் ஏறி வரணுமா?” என்று. எல்லார் எதிரிலும்!

அவன் யாரு, என் பேத்தியைச் சொல்றதுக்கு? குச்சி ரெண்டு கையில இருந்தா பெரிய இவனா? எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பாலைப் பொங்கவிட்டேன், அடுப்பெல்லாம் ஒரே கறை.

ஆறுதலாக இருக்கட்டுமே என்று ஒன்று சொன்னேன். “என்னை அஞ்சாம் வகுப்போட நிறுத்திட்டாங்க. உனக்கு ஒரு வகுப்பை ரெண்டு தடவை படிக்கக் குடுத்து வெச்சிருக்கே, நல்லதுதானேடி?”

முறைத்தாள். சரி, ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கல்லூரியில் வீட்டாரை அழைத்திருந்தார்கள். மகனும் மருமகளும் வேலை என்று நழுவிவிட்டார்கள். நான் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

அறை அறையாகப் பிள்ளைகள். ஒரு மூலையில் நெட்டையாக ஒரு பையன், உலகத்துக் கவலையெல்லாம் தன் மூஞ்சியில் ஏற்றி வைத்தவன் மாதிரி, திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். பாவம், பேச ஆளில்லை போல என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“தம்பி, பேஸ் வாசிக்குதே ஒரு பொண்ணு, பார்த்திருக்கியா? என் பேத்தி. அவ வேகத்துக்கு இந்தக் கட்டடத்துல ஆள் இருக்கா சொல்லு?”

பையன் திருகாணியைக் கீழே வைத்தான். “இல்லை பாட்டி. அதுதான் பிரச்சினையே.”

அப்போதுதான் அவன் இடுப்பில் ரெண்டு குச்சி செருகியிருப்பதைப் பார்த்தேன். வாலு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 10, திங்கள்

பேசவில்லை. சாப்பிட்டாள். அது போதும்.

மார்ச் 12, புதன்

சண்டை தீர்ந்தது. அவளே வந்து என் கட்டிலில் விழுந்தாள்.

“அவன் சொல்றது நிஜம்தான் பாட்டி. வாத்தியாரும் அதையேதான் சொல்றார். பேஸ்காரி எல்லாரையும் தாங்கிப் பிடிக்கணும். நான் எல்லாரையும் விட்டுட்டு ஓடறேன்.”

“ஏன் ஓடறே?”

“நீ கை தட்டறியா, குஷி வந்துடுது. இன்னும் தட்டட்டும்னு விரல் தானா பறக்குது. இங்கே பழகினது அங்கேயும் வந்துடுது.”

இது என்னடா வம்பு! நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நானே பிள்ளையைக் கெடுத்து வைத்திருக்கிறேனா? சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சிரித்துவிட்டோம் ரெண்டு பேரும்.

உத்தரவு: இன்று முதல் கை தட்டக் கூடாது. ஆஹா என்றும் சொல்லக் கூடாது. தலை ஆட்டலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறாளாம்.

மார்ச் 16, ஞாயிறு

தலையும் ஆட்டக் கூடாது.

கை சும்மா இருந்தால் தட்டிவிடும் என்று மடியில் பூண்டைக் கொட்டிக்கொண்டு உட்காருகிறேன். அவள் வாசிக்க, நான் உரிக்க. மருமகள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “அத்தை, இத்தனை பூண்டு யாருக்கு? ஊர்ல யாருக்காவது வாயுவா?” என்கிறாள். மருத்துவமனையில் வேலை பார்க்கிறவளுக்கு வாயு ஞாபகம்தான் வரும்.

மார்ச் 21, வெள்ளி

செல்போனில் டக் டக் என்று ஒன்றை ஓடவிட்டு, அதோடு ஒட்டி வாசிக்கிறாள். ஒரு சுரம். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு சுரம். நடுவில் இருக்கிற ஒன்றுமில்லாததுதான் கஷ்டமாம். விரல் துடிக்கிறது, அடக்கிக்கொள்கிறாள், உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். எனக்கே தெரிகிறது.

கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். கண் விழித்தால் எதிரே குதிக்கிறாள். “தூங்கிட்டியா? ஓடாம வாசிச்சிருக்கேன் பாட்டி! ஓடியிருந்தா தூக்கம் வந்திருக்குமா?”

தூங்கினதற்குப் பாராட்டு வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 2, புதன்

உம்மணாமூஞ்சி — டிரம் பையனுக்கு நான் வைத்த பெயர் — வாலுவைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டான். வேறு ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறானாம். போன வருடம் எந்தக் குழுவும் எடுக்காமல் நின்றுபோனவன். இவள் விடாமல் வாத்தியாரிடம் போய் நின்றிருக்கிறாள். வாத்தியார், “ரெண்டு பேரும் ஒரே பாட்டைக் குழுவோட வாசிங்க. கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்” என்றாராம்.

ராத்திரிச் சாப்பாட்டில் மகன் மெதுவாக ஆரம்பித்தான். “ஒருவேளை கிடைக்கலைன்னா… கம்ப்யூட்டர் படிப்பு ஒண்ணு இருக்கு. மறுபடி ஒரு வருஷம் வீணா எதுக்கு?”

எனக்குத் தாங்கவில்லை.

“ஏண்டா, வேலைக்குப் போன புதுசுல நீ ரிப்பேர் பண்ண லிஃப்ட்டுக்குள்ளேயே நீ மாட்டிக்கலை? முதலாளி உன்னைக் கம்ப்யூட்டர் படிக்கவா அனுப்பினான்?”

“அம்மா, அதை இப்ப ஏன் இழுக்கறே?”

மருமகளுக்குப் புரையேறிவிட்டது. “இது எனக்குத் தெரியாதே! எவ்வளவு நேரம் உள்ளே இருந்தீங்க?” பேச்சு அங்கே போய்விட்டது. ஆனால் வாலு சிரிக்கவில்லை. மகன் தான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

எழுதாமல் தூங்க முடியாது.

இன்றுதான் அந்தப் போட்டி வாசிப்பு. துணைக்கு நான் போனேன். வீட்டார் உள்ளே வரக் கூடாது என்று நடையில் ஒரு பெஞ்சியில் உட்கார வைத்தார்கள். அந்த இன்னொரு பையனும் அங்கேதான் இருந்தான். உதடு காய்ந்துபோய், கிட்டார் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். “தேங்ஸ் பாட்டி, யாருக்காக வந்திருக்கீங்க?” என்றான். என்ன சொல்ல? “பொதுவா வந்தேன்” என்றேன்.

முதலில் அவன். சாத்தின கதவு வழியாகப் குழுவில் பாடுகிற பெண்ணின் குரல் துளியும் வரவில்லை. பேஸும் டிரம்மும்தான் சுவரைத் தாண்டி வந்தன. நன்றாகத்தான் வாசித்தான். பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் இவள். காலால் மிதிக்கிற பெரிய டிரம் அடிக்கிற அதே நேரத்தில் இவள் தந்தி. எது தோல், எது தந்தி என்று பிரிக்க முடியவில்லை. பெஞ்சிப் பலகையில் வருகிறது, பாதத்தில் வருகிறது. கொஞ்சம்தான் வாசிக்கிறாள், நிறைய விடுகிறாள். நடுவில் திடீரென்று டிரம் தடுமாறிற்று. முன்னே பின்னே என்று குழம்பி, நின்றே போச்சு. ஐயோ, இவ ஓடிட்டாளா? இல்லை. டும்… டும்… டும்… அது மட்டும் நிற்கவில்லை. அவசரமும் இல்லை, பயமும் இல்லை. தனியாக நடந்தது. அப்புறம் டிரம் மெல்ல வந்து ஒட்டிக்கொண்டது.

பஸ்ஸில்தான் சொன்னாள். பாடகி பாதிப் பாட்டில் ஒரு வரியைத் தாண்டி முன்னால் போய்விட்டாளாம். டிரம்காரன் அவளைத் துரத்தப் போய்த் தாளத்தை விட்டுவிட்டான். “எனக்கும் ஓடணும்னு விரல் அரிச்சுது பாட்டி. அப்புறம், நானும் ஓடினா இவங்க எங்கே திரும்பி வருவாங்கன்னு தோணுச்சு. நின்னுட்டேன்.”

பஸ் என்று கூடப் பார்க்காமல் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நுனியெல்லாம் கெட்டியாக, சொரசொரவென்று.

முடிவு திங்கட்கிழமை.

ஏப்ரல் 20, ஞாயிறு

பூண்டு தீர்ந்துவிட்டது. வெங்காயம் உரிக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

என் கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. மகனே தூக்கிப் போட்டான். என் அறையில் இப்போது டிரம், பாடகிக்கு ஒரு ஸ்டூல், சத்தப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்காரம்மா மகள் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்த நேரம் மட்டும் பெட்டியில் ஒயர் சொருக அனுமதி.

போட்டிக்கு வந்த அந்தப் பையனை, டிரம்பெட் ஊதுகிற பிள்ளைகள் புதிதாகத் தொடங்கிய குழு கூப்பிட்டுக்கொண்டதாம். நல்லது.

உம்மணாமூஞ்சி உள்ளே வரும்போதே, “பாட்டி, சமையல் வாசனை நடையிலேயே வருது” என்றான். பல் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது, இத்தனை நாள் ஏன் மறைத்து வைத்திருந்தானோ.

வாசிக்க ஆரம்பித்தார்கள். ரெண்டு தடவை பாதியில் நின்று போச்சு. ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி. அப்புறம் ஒரு குரல், நிதானமாக, “கொஞ்சம் மெதுவா எடுக்கலாம். எல்லாரும் சேர்ந்து வரட்டும்” என்று.

யார் இவ்வளவு பொறுப்பாகப் பேசுவது என்று எட்டிப் பார்த்தேன். எங்கள் வாலு.

கதவைச் சாத்திவிட்டு, எல்லாருக்கும் சேர்த்து உலை வைத்தேன்.