பதினோரு ஜோடி செருப்பு

மார்ச் 3, திங்கள்

பிள்ளைகளை எண்ணாமல் செருப்பை எண்ணிவிட்டு, எங்கள் பகுதிக் குழந்தைகள் காப்பகத்தை மூடுகிறது நகராட்சி. நடந்த அநியாயம் இதுதான். எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் இதில்தான் வந்து நிற்கும்.

இன்று காலை காப்பகக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். குறைந்தது இருபது பிள்ளைகள் இருக்க வேண்டுமாம். நேரில் பார்த்தபோது பதினொன்றுதான் இருந்ததாம். ஆகவே மாதக் கடைசியோடு காப்பகம் மூடல். அதற்குப் பதிலாகப் பெற்றோரின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் விழும். அவரவர் விருப்பப்படி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

'நேரில் பார்த்த' அந்த நாளில் நானும் அங்கேதான் இருந்தேன். பேத்தியை அழைத்துவர முன்கூட்டியே போய் மதிலோரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் இளைஞர் வந்தார். வாசலுக்கு வெளியே கிடந்த சின்னச் சின்னச் செருப்புகளைப் பேனா முனையால் சுட்டிச் சுட்டி எண்ணினார். எழுதிக்கொண்டார். போய்விட்டார். செருப்புக் கம்பெனி ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன்! நாற்பத்தோரு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன், 'என்ன தம்பி எண்ணுறீங்க' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் தப்பு.

தோளில் தூங்கிக்கொண்டே வந்து சேரும் கைக்குழந்தைக்கு ஏது செருப்பு?

மார்ச் 4, செவ்வாய்

மகளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விடியற்காலை ஷிப்ட். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அவள்தான் ஷிப்ட் மேற்பார்வையாளர் என்று போன வாரம் சொல்லியிருக்கிறார்கள். எட்டு வருடம் ஈரத் துணி சுமந்தவள். அவள் வீட்டுக்காரர் கப்பல் வேலையில். வருடத்தில் இரண்டு மாதம் கண்ணில் படுவார்.

பணத்துக்கான விண்ணப்பத்தை மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வி: வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர் உண்டா?

"அப்பா, இதுல ஆமான்னு போடட்டுமா?"

"எதையும் போடாத."

"போடலைன்னா பணமும் வராது, காப்பகமும் இருக்காது. நான் வேலைய விட்டுட்டு வீட்ல உக்காரணும். அப்படித்தானே?"

"காப்பகம் இருக்கும்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். உயிரோடு இருந்தபோது அவள் அம்மா பார்த்தது போலவே. நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். நேற்றையது.

மார்ச் 6, வியாழன்

பெரியக்காவைப் பார்க்கப் போனேன். காப்பகத்தின் பொறுப்பாளர். பிள்ளைகள் வைத்த பெயர். இப்போது ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. குள்ளமான உருவம், ஐம்பது வயதிருக்கும். இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு விடியற்காலை ஐந்தரைக்கே கதவைத் திறந்துவிடுவார். சலவைக்கூடம், பேருந்துப் பணிமனை, ரொட்டிச் சூளை என்று ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். சில வருகின்றன, சில போகின்றன. ஒரு நாளில் முப்பத்து நான்கு வரை ஆகுமாம்.

யாரிடமும் அவர் குழையமாட்டார். அதுதான் எனக்குப் பிடித்தது. காலையில் பிள்ளையை விட வருகிறவர், எத்தனை மணிக்குத் தூங்கினான், என்ன சாப்பிட்டான், எதற்கு அழுதான் என்று மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நகர முடியாது. ஒரு டாக்டரையே நிறுத்திவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். டாக்டருக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டுச் சொன்னார்.

சாயங்காலம் நம்மிடம் திருப்பிச் சொல்வார். குண்டூசி என்று நாங்கள் கூப்பிடும் என் பேத்தியைப் பற்றி இன்று: "ஒருத்தன கடிச்சா. அவனும் திருப்பிக் கடிச்சுட்டான். அதனால நான் தலையிடல."

மதியம் ஒன்றரை முதல் பிள்ளைகள் எழும்வரை, அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருவரையும் உள்ளே விடமாட்டார். அந்த இளைஞரையும் விடவில்லை.

"நகராட்சி ஆளுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அட்டைய காட்டினாரு."

"அப்புறம் ஏங்க...?"

"அட்டைய பாத்தா பிள்ளைங்களுக்குத் தூக்கம் வந்துருமா? எந்திரிக்கட்டும், உக்காருங்கன்னு சொன்னேன். அவருக்கு வேற வேலை இருந்துச்சு."

இந்த அம்மாவின் பிடிவாதத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை. இதை வெளியில் சொல்லமாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

மனு எழுதினேன். அகராதி பார்த்து, நான்கு தடவை கிழித்து. நான்காம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று எவனும் சொல்லக் கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

பத்தொன்பது கையெழுத்து. கீழ்த்தளத்துத் தையற்காரப் பெண்ணிடம்தான் இடித்தது.

மெஷினை நிறுத்திவிட்டு மனுவை முழுசாகப் படித்தாள். படிக்காமல் போட்ட பத்தொன்பது பேரைவிட அவள் மேல்தான். அது அப்போது தோன்றவில்லை.

"ஐயா, 'பணம் வழங்கும் திட்டத்தை அடியோடு கைவிட வேண்டும்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. காப்பகம்தான் எல்லாருக்கும் பொது."

"எல்லாருக்கும்னா என் பையனையும் சேத்தியா? ரெண்டு தடவை தூக்கிட்டுப் போனேன். மூச்சிரைப்பு இருக்கிற பிள்ளைய வச்சுக்க எங்களுக்குத் தெரியாதும்மான்னு பெரியக்காவே சொல்லிட்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. ஆனா சொல்லிட்டாங்க. பிள்ளைக்குன்னு எனக்கு வரப்போற ஒரே உதவி இந்தப் பணம். வந்தா ராத்திரித் தையலையாவது விடலாம். அதையும் நிறுத்தச் சொல்லி என்கிட்டயே கையெழுத்தா? நல்லா இருக்கே ஞாயம்!"

"உன்ன மாதிரி ஆளுங்களாலதான் அவங்களுக்கு இவ்வளவு தைரியம் வருது."

சொல்லிவிட்டேன். அவள் முகம் ஒரு கணம் என்னவோ ஆனது. பிறகு மனுவை ஒழுங்காக மடித்துக் கொடுத்தாள்.

"சரிங்க ஐயா. பட்டன் தைக்கணும். போய்ட்டு வாங்க."

மார்ச் 10, திங்கள்

மாடிப்படியில் அவளைப் பார்த்தேன். அவள் 'சாப்பிட்டீங்களா' என்றாள். விறுவிறுவென்று மேலே ஏறி வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். நமக்கு நாமே எழுதுவதிலும் பொய் என்றால் எதற்கு இந்த நோட்டு?

ஜனவரியில் வெள்ளையடிக்கக் காப்பகத்தை மூன்று நாள் மூடினார்கள். குண்டூசி என்னோடு. இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு நாற்காலியில் சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். எழுந்தபோது தையற்காரப் பெண் எதிரில் நிற்கிறாள், இடுப்பில் என் பேத்தி. பிள்ளை தானே கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிப் போயிருக்கிறாள். இரண்டரை வயது. பதினாறு படி.

"இந்தாங்க ஐயா, உங்க குண்டூசி உருண்டு வந்துச்சு."

"நான் தூங்கல. கண்ண மூடி யோசிச்சுட்டு இருந்தேன்."

"தெரியுமே" என்றாள். சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு இன்றுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் அப்படிப் பேசியபோது அவள் அதை எடுத்து என் முகத்தில் எறிந்திருக்கலாம். எறிய என்ன தடை? வாய் நுனியில் வந்திருக்கும். விழுங்கிக்கொண்டு பட்டன் தைக்கப் போய்விட்டாள்.

நான் அவள் இடத்தில் இருந்தால் எறிந்திருப்பேன். சத்தியமாக எறிந்திருப்பேன்.

மார்ச் 14, வெள்ளி

மனுவில் 'அடியோடு கைவிட வேண்டும்' என்பதை அடித்தேன். 'காப்பகம் ஏற்க இயலாத பிள்ளைகளின் பெற்றோருக்குப் பணம் வழங்க வேண்டும். ஆனால் பணத்தைக் காட்டிக் காப்பகத்தை மூடக் கூடாது' என்று எழுதினேன். பழைய கையெழுத்து செல்லாது. பத்தொன்பது வீட்டுக்கும் மறுபடி ஏறி இறங்கினேன். லிப்ட் இல்லாத கட்டடங்கள். எனக்கு வேண்டியதுதான்.

கடைசியாகக் கீழ்த்தளம். மறுபடியும் மெஷினை நிறுத்தினாள், மறுபடியும் முழுசாகப் படித்தாள்.

"மன்னிப்பு எந்தப் பக்கத்துல இருக்கு ஐயா?"

"அதெல்லாம் மனுவுல எழுத மாட்டாங்க."

"சரி, இருக்கிறதா நெனச்சுக்கறேன்." போட்டாள். இருபதாவது கையெழுத்து. அழகான எழுத்து.

மார்ச் 18, செவ்வாய்

நகராட்சி அலுவலகத்தில் விசாரணை. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் செருப்பு எண்ணிய இளைஞர். இந்தப் பக்கம் நான், மகள், பெரியக்கா, பெற்றோர் ஆறேழு பேர்.

அதிகாரி அம்மா பொறுமையாகவே பேசினார். "பணம் உங்க கையில வந்தா உங்களுக்குத்தான் சுதந்திரம். யாரை வேணும்னாலும் வச்சுக்கலாம்."

"யாரை வச்சுக்கறது? கடையில பெரியக்கா பொட்டலம் கட்டித் தொங்குதா? அரைக் கிலோ கொடுங்கன்னு வாங்கிட்டு வர?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். இளைஞரும்தான். பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அதிகாரி அம்மா காகிதத்தைப் புரட்டினார். "உங்க வீட்டையே எடுத்துக்குவோம். நீங்க இருக்கீங்க. ஓய்வு பெற்றவர். நல்லா நடக்கறீங்க, நல்லாவே பேசறீங்க. பேத்தியை நீங்களே பாத்துக்கலாமே?"

மகள் என் பக்கம் திரும்பினாள்.

என்ன செய்வது? சொன்னேன். ஜனவரி, நாற்காலி, பதினாறு படி. தூங்கிட்டேன் என்றே சொன்னேன். "நாப்பத்தொரு வருஷத்துல நான் சரி பண்ண லிப்ட் ஒண்ணுகூட விழுந்ததில்ல. ஆனா இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல. வீட்ல ஒரு கிழவன் உக்காந்திருக்கான்கறதும் பிள்ளைய ஒருத்தர் பாத்துக்கறாருங்கறதும் ஒண்ணு இல்லம்மா. உங்க விண்ணப்பத்துல ரெண்டும் ஒண்ணா இருக்கு."

மனுவில் செருப்பு எண்ணியதைப் பற்றிய வரியை அதிகாரி அம்மா இளைஞரிடம் காட்டினார். வியாழக்கிழமை மறுபடி எண்ணுவதாகச் சொன்னார்கள்.

திரும்பும்போது பேருந்தில் ஐந்தாவது நிறுத்தத்தில் மகள், "இத ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?" என்றாள். பிறகு, "விண்ணப்பத்துல இல்லைன்னு போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 20, வியாழன்

அந்த இளைஞர் வந்தார். எப்போது? மதியம் இரண்டு மணிக்கு! அலுவலகத்தில் போட்டுக் கொடுத்த நேரமாம்.

வாசலில் நாற்காலி, அதில் பெரியக்கா. நாங்கள் பதினைந்து பேர் கதவருகே. மகள் கெஞ்சுகிற குரலில் மெல்ல, "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் உள்ள விட்டுருங்க. அவர் எட்டிப் பாத்து எண்ணிட்டுப் போயிடுவாரு."

"இன்னைக்கு ஒரு நாள் அவங்களுக்குத் தூக்கம் வேண்டாமா?"

"காப்பகமே போயிடும்க்கா!"

"போனா போகட்டும். இருக்கிற வரைக்கும் இது காப்பகம்."

கையில் கிடைத்ததைக் கெடுக்கிறாரே என்று எனக்குக் கோபம். அந்தக் கோபத்துக்குள்ளேயே — எப்படிச் சொல்வது — எழுந்து நின்று வணங்கலாம் போலவும் இருந்தது.

இளைஞர் எங்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஷூவைக் கழற்றினார். படியில் உட்கார்ந்தார். போன் அடித்தது, அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே போயிற்று.

மூன்று மணி தாண்டித்தான் முதல் பிள்ளை வெளியே வந்தது. குண்டூசி. நேராகப் போய் அவர் பேனாவைப் பிடுங்கினாள். பிறகு ஒவ்வொன்றாக, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஈர ஜட்டியோடு, பொம்மையின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு. கைக்குழந்தைகளை உதவியாளர்கள் தூக்கிவந்து காட்டினார்கள்.

"இருபத்தேழு" என்று பேனாவைத் திரும்ப வாங்கி எழுதினார். நாங்கள் கை தட்டப் போனோம்.

"இருபத்தாறு" என்றார் பெரியக்கா. "குண்டூசிய ரெண்டு தடவை எண்ணிட்டீங்க. அவ உள்ள போயிட்டு மறுபடி வந்தா."

அடித்துத் திருத்தினார். இருபத்தாறு.

மார்ச் 31, திங்கள்

கடிதம் வந்தது. மூடும் உத்தரவு இந்த வருடக் கடைசிவரை நிறுத்திவைப்பு. காப்பகம் ஏற்க இயலாத பிள்ளைகளுக்கு, மருத்துவர் சான்றிதழ் கொடுத்தால் பணம்.

நிறுத்திவைப்பு என்றால் ரத்து இல்லை. மகள் அதைக் காதில் வாங்கவில்லை. நாளைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சின்னதாக ஒரு பாட்டு வேறு.

ஏப்ரல் 2, புதன்

யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக, இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கிறேன்.

நகராட்சி: 'நிறுத்திவைப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ரத்து' என்று எழுத வேண்டும். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை வந்து நிற்பேன்.

எண்ண வருகிறவர்: காலை ஐந்தரை முதல் மாலைவரை முழு நாளுக்கான வருகைப் பதிவைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் தூங்கினால் உட்கார வேண்டும். அவர் உட்காருவார். அவருக்குப் பின் வருகிறவருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டாக்டர்: தையற்காரப் பெண்ணின் மகனுக்குச் சான்றிதழ். நேற்றும் இன்றும் அலையவிட்டாயிற்று. நாளை நானும் கூடப் போகிறேன்.

பெரியக்கா: அவரிடம் நேற்று நேராகவே கேட்டேன். 'தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்களே, தெரிந்துகொண்டால் என்ன?' கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். பிறகு, "யாராவது சொல்லிக் கொடுத்தா கத்துக்கறேன்" என்றார். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் அந்தப் பையனை வைத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். மூச்சு மருந்துக் கருவியை இயக்கப் பழக வேண்டியது அவர்.

நான்: அந்தக் கருவியின் கையேட்டைப் படித்து, எந்தக் குழாய் எங்கே, எப்போது நிறுத்துவது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆஸ்பத்திரி நர்ஸிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

தையற்காரப் பெண்: அந்த இரண்டு மணி நேரம் தைக்கக் கூடாது. தூங்க வேண்டும். சொன்னால் கேட்பாளா தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அவள் பிள்ளையை விட்டுவிட்டுக் காப்பக வாசலில் எவ்வளவு நேரம் நின்றாலும், 'கிளம்பும்மா' என்று யாரும் சொல்லக் கூடாது. முக்கியமாக நான்.