மருமகளின் மாத்திரையும் என் பகையாளிகளும்

மார்ச் 4, செவ்வாய்

மருமகளின் நுரையீரல் புற்றுக்கட்டியில் எடுத்த சதையை ஜீன் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கோளாறு எதுவென்று அகப்பட்டால் அதையே குறிவைத்து அடிக்கிற மருந்து உண்டாம். அகப்படாவிட்டால் கீமோ. பஸ் ஓட்டுகிறவள், இப்போது மாடிப்படி ஏறினாலே இருமுகிறாள்.

அவள் என் மகனைக் கட்டிக்கொண்டதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். எட்டு வருஷம் ஆகிறது. மறக்கவில்லை. பிறகு ஏன் அவள் இருமினால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது?

மார்ச் 13, வியாழன்

அகப்பட்டுவிட்டது! மாத்திரைதான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மகன் தலையாட்டித் தள்ளினான். வெளியே வந்ததும், "ஒண்ணும் மண்டையில ஏறலம்மா" என்கிறான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. திரும்ப உள்ளே போய் நர்ஸிடம், "இந்த மாதிரி மருந்து எத்தனை வகை இருக்கு? ஒவ்வொண்ணா சொல்லு கண்ணு" என்றேன். சொன்னாள், தங்கமான பெண்.

மார்ச் 14, வெள்ளி

எனக்குக் கெடுதல் செய்தவர்களை நான் மறந்ததே இல்லை. அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் அவர்களில் ஒரு ஆளாக நினைவில் வைத்துக்கொண்டேன்.

கொழுந்தன் — சண்டை போட்ட அன்று வீட்டுக்குள் புகுந்து மெயின் சுவிட்சை அணைத்தவன். மாத்திரையும் அப்படித்தான். சின்ன உருவம், செல்லுக்குள் நுழைந்து, 'வளரு வளரு' என்கிற சுவிட்சை அணைக்கும்.

கீழ்வீட்டுக்காரி — வாசலை அடைத்து உட்கார்ந்து, எனக்கு வரும் சேதியைத் திருப்பி அனுப்புவாள். இது ட்ரிப்ஸில் ஏற்றும் ஆன்டிபாடி. பெரிய உடம்பு, உள்ளே போகாது. வெளியே ஒட்டிக்கொண்டு மறிக்கும்.

பழைய வீட்டுச் சொந்தக்காரன் — தண்ணீர்க் குழாயை அடைத்தவன். கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்கவிடாமல் பட்டினி போடுகிற மருந்து.

நாத்தனார் — விலாசம் தேடி வந்து, சிரித்துக்கொண்டே விஷத்தைக் கொட்டிவிட்டுப் போவாள். ஆன்டிபாடி முதுகில் கீமோவை ஏற்றி, சரியான வாசலில் இறக்குவது.

மருமகளிடம் ஒப்பித்தேன். இருமிக்கொண்டே சிரித்தாள்.

"நான் எந்த மருந்து அத்தை?"

"உன்னை மாதிரி மருந்த இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

ஏப்ரல் 6, ஞாயிறு

மருமகளுக்கு முகமெல்லாம் கொப்புளம். மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள் — யாருக்கும் சொல்லாமல். மறுபடியும் சொல்லாமல்!

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படி அத்தை பஸ்ல உக்காருவேன்? ஏறுறவங்க எல்லாம் பாப்பாங்க."

"பாக்கட்டுமே! அந்தச் சுவிட்சு தோல்லயும் இருக்குடி, அதான் கொப்புளம். அதுக்கு மருந்து கேக்கணும், நீயா நிறுத்துவியா? உன்மேல எட்டு வருஷக் கோபம் பாக்கி இருக்கு எனக்கு. அது தீராம உன்னை விட்டுடுவேன்னு நெனச்சியா?"

அவள் அழுதாள். அப்புறம் நானும். நர்ஸுக்குப் போன் போட்டது நான்தான். நாளைக்கே வரச் சொன்னாள்.

ஏப்ரல் 7, திங்கள்

களிம்பு கொடுத்தார்கள். மாத்திரையைத் தொடரலாம் என்றார் டாக்டரம்மா. விழுங்கினாள், என் கண் முன்னால்.

ஜூன் 2, திங்கள்

ஸ்கேன். கட்டி பாதிக்குமேல் சுருங்கிவிட்டது. போயே போய்விட்டது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. மாத்திரை தொடர வேண்டும். கோளாறு ஒருநாள் வேஷம் மாற்றலாம், அப்போது வேறு மருந்து பார்க்கலாம் என்றார். சரி, வேஷம் மாற்றுகிறவர்களை நான் பார்க்காததா?

வெளியே, புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு மருமகள் என் கொழுந்தனையும் நாத்தனாரையும் வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "எங்க அத்தை சொல்லிக் கொடுத்தது" என்றாள், அத்தனை பேர் காதிலும் விழ. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜூன் 23, திங்கள்

டாக்டரம்மா சம்மதித்து, இன்றுதான் பஸ் எடுத்தாள். கன்னத்தில் தடிப்பு அப்படியே இருக்கிறது. ஒருத்தி கேட்டாளாம். "மாத்திரை சாப்பிடுறேன், அதான். ஏறுங்க, நேரமாச்சு" என்றாளாம். என் வீட்டுப் பெண்!

வந்ததும் வராததுமாய்ச் சாப்பாட்டுப் பெட்டியை மேஜைமேல் வைத்து, "என்ன அத்தை, குழம்புல உப்பே இல்ல, மனுஷங்க தின்னுவாங்களா?" என்று கேட்டாள். மகன் முன்னாலேயே. இத்தனை வருஷத்தில் என்னை முகத்துக்கு நேரே குறை சொன்னது இதுதான் முதல் தடவை.

மறக்கவே மாட்டேன்.