கருநொச்சி மலையின் நால்வகைப் புலிகள்

கொன்றை நாடு தழைக்க. ஏழு யானைப்படைக்குத் தலைவரும் தோல்வி அறியாதவருமான மாமன்னர் திண்தேர்க்கோவின் ஆணைப்படி, அமைச்சன் கொற்றங்கண்ணன் கருநொச்சி மலைக் காவலர் வெளியனுக்கு விடுக்கும் ஓலை. நும் மலையில் தேனும் தினையும் பெருகுக. நும் மனையாட்டி மருதியார் நலமுடன் வாழ்க.

சென்ற திங்கள் நீவிர் மலைவாழ் உயிர்களை வரிசைப்படுத்தி, ஒரே குலத்தில் நால்வகை ஈப்புலிகளைக் கண்டதாக எழுதியிருந்தீர். அரண்மனை எழுத்தர் கயிறு கோக்க இட்ட துளை, சரியாக "ஈ" என்னும் எழுத்தின்மேல் விழுந்தது. அவையில் படிக்கப்பட்டது நால்வகைப் புலிகள் என்றே. உடனிருந்த அண்டை நாட்டுத் தூதர் பெருஞ்சாத்தர், தம் நாட்டில் ஒருவகைப் புலியே உண்டென்று பெருமூச்செறிந்தார். அம்மூச்சில் மகிழ்ந்த மன்னர், நான்கையும் வெறுங்கையால் பிடிக்கும்வரை மீசை முறுக்குவதில்லை என்று சூளுரைத்துவிட்டார்.

ஆகவேதான் நாற்பது யானைகள், நான்கு இரும்புக் கூண்டுகள், முந்நூறு வேலர், தூதர் ஆகிய அனைவரோடும் நும் வாயிலில் வந்து நின்றோம். புலிகள் எங்கே என்று மன்னர் வினவ, மருதியார் அடுக்களையிலிருந்து மூங்கிற்குழாய் ஒன்றைக் கொணர்ந்து, "மெதுவாத் திறங்க சாமி, குதிச்சிரும்" என்றதை யாம் மறவோம். உள்ளே, ஈயைப் பாய்ந்து பிடிப்பதால் ஈப்புலி எனப்படும் உளுந்தளவுச் சிலந்தி ஒன்று எட்டுக் கண்ணாலும் மன்னரை நோக்கியது.

நும் தலையை எண்ணி யாம் அஞ்சினோம். மன்னரோ, சொன்ன சொல் சொன்னதே என்று உடைவாளைக் கழற்றிவைத்து, நும் வேலியோரம் மண்டியிட்டார். நால்வகையுள் செந்தலையும் வரிமுதுகும் நண்பகலுக்குள் அகப்பட்டன. மூன்றாவதான கருங்கால், தூதரின் தாடிக்குள் பாய, மன்னரும் தொடர்ந்து பாய்ந்து பிடித்தார். நான்காவதான வெண்மீசையைக் கைக்குள் மூடியவர், இலைமேல் அதன் பெண் காத்திருப்பதைக் கண்டு விரல்களைத் திறந்தார். பிடிப்பதாகத்தான் சூளுரை, வைத்திருப்பதாக அன்று எனத் தூதர், எஞ்சிய தாடியைத் தடவியபடி சான்றுரைத்தார்.

வெண்மீசை முன்கால்களைத் தூக்கி அவள்முன் ஆடத் தொடங்கிற்று. ஆட்டம் பிடிக்காவிடில் அவள் அவனை உண்டுவிடுவாள் என்றார் மருதியார். மன்னர் உணவையும் மறந்து நோக்கியிருந்தார். மழை வந்து யாம் அவரை யானைமேல் ஏற்றும்போதும் ஆட்டம் முடியவில்லை.

நும்மீது குற்றமில்லை. கூண்டுகளைக் கோழிகளுக்கு வைத்துக்கொள்க. ஆணை யாதெனில், அவள் அவனை ஏற்றாளா, உண்டாளா என்று மன்னர் நாள்தோறும் வினவுகிறார். நேற்றுப் படைத்தலைவர் அவையிலும் வினவினார். மருதியாரைக் கேட்டு, உள்ளதை உள்ளபடி எழுதி, விரைகுதிரையில் விடுக. இதற்குத் தேர் இலச்சினை பொறித்தோம்.

உண்டிருப்பின், ஓலையை எம் கையில் மட்டும் சேர்ப்பிக்க.