முன்கண்ணாடியின் மூலைகள்

ஏப்ரல் 12, ஞாயிறு

என் வாய்தான் எனக்கு எதிரி. நேற்று எங்கள் கார் கிளப் ஆட்கள் பப்பில் கூடியபோது எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: இந்த வருடமும் என் காருக்குள் தண்ணீர் இறங்கினால் அதை கிளப்பில் என்னை எப்போதும் சீண்டும் ஸ்டப்ஸுக்கே விற்றுவிடுகிறேன் என்று. ஸ்டப்ஸ் உடனே பந்தயத்துக்குக் கையை நீட்டிவிட்டார். ஆறு வருடமாகப் பாகம் பாகமாக வாங்கி என் கொட்டகையில் நானே கட்டிய கார்! அதை விற்றுவிட்டு எதை ஓட்டுவேன்? டெர்பி நகரப் பஸ்ஸையா? அதைத்தான் சம்பளத்துக்கு ஓட்டுகிறேனே.

கிளப் வழக்கம் அப்படி. மே மாதம் ஒவ்வொருவர் காரிலும் இருக்கையில் செய்தித்தாளை விரித்து, முன்கண்ணாடி மேல் பூவாளியால் தண்ணீர் ஊற்றுவார்கள். போன வருடம் என் தாள் கூழாகிவிட்டது. அன்றிலிருந்து என் பெயர் 'குளம்'.

ஏப்ரல் 18, சனி

முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த பழைய ரப்பரைப் பிய்த்து எறிந்தேன். புதியதை இழுத்துப் பிடித்துக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அளவாக வெட்டி, ரப்பரின் பள்ளத்தில் கயிறு பதித்து, சோப்புத் தண்ணீர் தடவினேன். தம்பி க்ளைவ் வெளியிலிருந்து அழுத்தினான். நான் உள்ளேயிருந்து கயிற்றை உருவ உருவ, ரப்பரின் உதடு சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

"அக்கா, கடையில வாங்கின வண்டி மாதிரி இருக்கு!"

இவன் பாராட்டினாலே எனக்குப் பயம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

போச்சு. இழுத்து மாட்டிய ரப்பர் பழைய நீளத்துக்கே சுருங்கிவிட்டது. மேல் மூலை இரண்டிலும் சுண்டுவிரல் நுழையுது. போன வருடமும் இதையேதான் செய்தேனா? ஆமாம் — அழகா தெரியணும்னு இழுத்தேன். எனக்கு எதுக்கு அழகு?

"பசையைப் பீச்சி அடைச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் க்ளைவ்.

"எனக்குத் தெரியும்டா."

"அப்போ ஸ்டப்ஸுக்குச் சாவியைத் துடைச்சு வை."

அழுதேன். கோபத்தில்தான்.

மே 2, சனி

இன்னொரு ரப்பர். இம்முறை இழுக்கவே இல்லை. வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக விட்டு, மூலைகளில் முதலில் திணித்து, மிச்சத்தை உள்ளே தள்ளித் தள்ளி அமுக்கினேன்.

"புழு மாதிரி நெளியுதே!"

"நெளியட்டும். நீ அமுக்கு."

கயிற்றை உருவி முடித்தபோது இருவர் உள்ளங்கையும் சிவந்திருந்தது. நெளிவெல்லாம் அடங்கிவிட்டது.

மே 8, வெள்ளி

மூலையில் நகம்கூட நுழையவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மே 10, ஞாயிறு

கிளப் மைதானத்தில் ஸ்டப்ஸ் தானே பூவாளியைப் பிடித்தார். நேராக மூலைக்குத்தான் குறி. ஒன்று காலியானது. இன்னொன்று கேட்டார். அதுவும் காலி.

"என்னங்க ஸ்டப்ஸ், ஏரியைக் கொண்டாரணுமா?" என்று கத்தினான் க்ளைவ். மைதானமே சிரித்தது.

கதவைத் திறந்தார்கள். மொடமொடவென்று கிடந்தது தாள். ஏறி உட்கார்ந்து, ஒரு பேனா வாங்கி, அதிலிருந்த குறுக்கெழுத்தில் முதல் விடையை எழுதினேன். மை துளிகூடப் பரவவில்லை. சந்தோஷம், வெறும் சந்தோஷம்!

"சரி குளம், நீ ஜெயிச்சிட்ட" என்றார் ஸ்டப்ஸ்.

"கில்லியன்னு கூப்பிடுங்க."

மே 13, புதன்

விடுமுறை. காலையிலிருந்து கொட்டும் மழை. வெளியே ஒரு வேலையும் இல்லை. காரை எடுத்துக்கொண்டு ஸ்டப்ஸ் வீட்டுத் தெருவைச் சுற்றினேன். இரண்டாம் சுற்றில் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலில் நின்றார். மூன்றாவதில் திரையை மூடிவிட்டார்.

இன்னொரு சுற்றும் போனேன்.